பழைய காரின் மீட்டருக்குப் புது நிறம்: டேஷ்போர்டு பல்பு மாற்றும் முழு வழிகாட்டி

மாருதி 800, ஜென், எஸ்டீம் மாதிரியான 1990களின் கார் வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த காட்சிதான். பார்க்கிங் லைட் போட்டால் மீட்டரில் ஒரு பக்கம் வெளிறிய பச்சை, இன்னொரு பக்கம் இருட்டு. பெட்ரோல் முள் எங்கே நிற்கிறது என்று பார்க்கத் தலையைச் சாய்க்க வேண்டியிருக்கும். பல்புகள் இத்தனை வருடம் எரிந்து, கண்ணாடிக்கு உள்பக்கம் கறுத்துப்போனதுதான் காரணம். எப்படியும் மாற்றத்தான் வேண்டும்; மாற்றும்போதே பிடித்த நிறத்துக்குப் போய்விடலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒதுக்கினால் வீட்டு வாசலிலேயே முடிகிற வேலை.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீட்டர் விளக்கின் வேலை, நம் கண்ணைச் சாலையிலிருந்து ஒரு நொடி கடன் வாங்கி, கெடுக்காமல் திருப்பிக் கொடுப்பது. நிறம், பிரகாசம் இரண்டையும் இந்தக் கணக்கில்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பகலில் கடை வாசலில் பளிச்சென்று தெரிவது, தெருவிளக்கே இல்லாத மாநிலச் சாலையில் இரவு 11 மணிக்குக் கண்ணைக் குத்தும்.

உங்கள் காரில் இது முடியுமா?

மீட்டர் செட்டின் பின்பக்கம் பிளாஸ்டிக் ஹோல்டரில் செருகிய பல்புகள் இருந்தால் முடியும். பல்பும் ஹோல்டரும் ஒரு கால் சுற்றுத் திருப்பினால் கையோடு வந்துவிடும். அண்மைக் காலக் கார்கள் பலவற்றில் பல்பே இல்லை. அரிசி மணி அளவு எல்இடிகளைச் சர்க்யூட் போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள். அதை மாற்றுவது சால்டரிங் தெரிந்தவர் வேலை. வாரண்டியில் இருக்கும் வண்டி என்றால் அதில் கை வைக்க வேண்டாம்.

எந்த நிறம்?

இருட்டில் நமக்குப் பார்வை தருபவை விழித்திரையில் உள்ள கோல் செல்கள். அவை இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் வரை ஆகும். கூசும் வெளிச்சம் பட்டால் அந்தப் பழக்கம் நொடியில் கலைந்துவிடும். இந்தச் செல்களைச் சுமார் 500 நானோமீட்டர் அலைநீள ஒளி, அதாவது நீலம் கலந்த பச்சை, அதிகம் தூண்டுகிறது. 620 நானோமீட்டருக்கு மேலே உள்ள சிவப்பு அவற்றை ஏறக்குறைய தொடுவதே இல்லை. இரவு ஓட்டத்துக்குச் சிவப்பும் செம்மஞ்சளும் நல்லவை என்று சொல்வது இதனால்தான். பி.எம்.டபிள்யூ கார்களில் பல பத்தாண்டுகளாக மீட்டர் செம்மஞ்சளில் ஒளிர்ந்து வந்தது.

நீலத்துக்குத்தான் கடையில் கிராக்கி. பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் நம் கண்ணின் லென்ஸ் நீல ஒளியை விழித்திரைக்குக் கொஞ்சம் முன்னாலேயே குவித்துவிடும். அதனால் எண்களின் ஓரம் பிசிறடித்துத் தெரியும். 45 வயதைத் தாண்டியவர்களுக்கு இது இன்னும் தொல்லை. 1997இல் வந்த ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் நான்காம் தலைமுறைக் காரில் நீல ஒளியும் சிவப்பு முள்ளும் இருந்தன; பலருக்கு ஆசை வந்ததே அந்த மாதிரி மீட்டரைப் பார்த்துத்தான். ஆனால் அங்கே முள்ளுக்குத் தனியாகச் சிவப்பு ஒளி கொடுத்திருந்தார்கள். நம் பழைய மீட்டரில் அந்த வசதி கிடையாது. சிவப்புச் சாயம் பூசிய முள்ளின் மேல் வெறும் நீல ஒளி விழுந்தால் முள் கறுப்பாகிவிடும். கறுப்பு டயலில் கறுப்பு முள்! 60இல் போகிறீர்களா 90இல் போகிறீர்களா என்றே தெரியாது.

முழுச் சிவப்பிலும் இப்படி ஒரு சிக்கல் உண்டு. வெப்பமானியின் ஆபத்துக் கோடு, பெட்ரோல் தீரும் இடம் இரண்டையும் சிவப்பில்தான் அச்சிட்டிருப்பார்கள். சிவப்பு ஒளியில் வெள்ளைக் கோடும் சிவப்பாகத்தான் தெரியும், சிவப்புக் கோடும் சிவப்பாகத்தான் தெரியும். இன்ஜின் சூடேறும்போது கண்ணில் பட வேண்டிய அந்த ஒரு கோடு, கூட்டத்தில் கலந்துவிடும். சிவப்பு சரியாகத் தெரியாத நிறக்குறை உள்ள ஆண்களும் கணிசமாக இருக்கிறார்கள். வீட்டில் வேறு யாரெல்லாம் வண்டி எடுக்கிறார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

என் தேர்வு செம்மஞ்சள். முள் தெரியும், சிவப்புக் கோடு தெரியும், கண்ணுக்கும் இதம். அது பழையதாகத் தெரிகிறது என்பவர்கள் மஞ்சள் சாயல் உள்ள வெள்ளைக்குப் போகலாம். பச்சையும் மோசமில்லை, பிரகாசம் அடங்கி இருந்தால் போதும். நீலம்தான் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால், கடையில் கிடைப்பதிலேயே மிக மங்கலான நீலமாக வாங்குங்கள்.

நிறம் பல்பில் மட்டும் இல்லை

இந்த வேலையில் பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். மீட்டரில் பச்சை தெரிகிறது என்றால் உள்ளே பச்சை பல்பு இருக்கிறது என்று அர்த்தமில்லை. மூன்றில் ஒன்று நடந்திருக்கும். சாதாரண பல்பின் தலையில் பச்சை ரப்பர் தொப்பி மாட்டியிருக்கும். அல்லது டயலுக்குப் பின்னால் நிறத்தாள் இருக்கும். அல்லது டயலில் அச்சான எண்களின் சாயமே பச்சையாக இருக்கும்.

தொப்பி என்றால் வேலை சுலபம், கழற்றிவிடலாம். தாளோ சாயமோ என்றால் ஒரு விதியை மனதில் வையுங்கள்: நிறத்தாள் நிறத்தைச் சேர்ப்பதில்லை, மற்ற நிறங்களைத் தடுக்க மட்டுமே செய்யும். சிவப்பு எல்இடியிலிருந்து வருவது கிட்டத்தட்ட சிவப்பு மட்டும்தான். அதைப் பச்சைத் தாளுக்குப் பின்னால் வைத்தால் வெளியே எதுவும் வராது. மீட்டர் இருட்டாகவே கிடக்கும். பச்சைத் தாள் உள்ள மீட்டரில் பச்சை எல்இடியோ வெள்ளை எல்இடியோதான் போட முடியும். ஏற்கெனவே இருந்த நிறமே தெளிவாக, சீராகக் கிடைக்கும். அதுவே பெரிய மாற்றம்தான்.

தாளை எடுத்துவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். அதற்கு முன் கண்ணாடியைத் திறந்து, முட்களைப் பிடுங்கி, டயலைக் கழற்ற வேண்டும். முள்ளைப் பிடுங்கி மறுபடி அழுத்தும்போது ஒரு மயிரிழை நகர்ந்தாலும் வேகமானி பொய் சொல்லும். மீட்டர் ரிப்பேர் செய்பவரிடம் கொடுக்காமல் இதில் இறங்க வேண்டாம்.

பழைய இழை (ஃபிலமென்ட்) பல்பையே வைத்துக்கொண்டு நீலத் தொப்பி மட்டும் மாட்டலாமா என்றால், அதுவும் சரிவராது. இழை பல்பின் ஒளியில் மஞ்சளும் சிவப்பும்தான் அதிகம், நீலம் மிகக் குறைவு. அந்தக் குறைவானதை மட்டும் வெளியே விட்டால் சாம்பல் படிந்த மங்கல்தான் மிஞ்சும். செம்மஞ்சள் தொப்பிக்கு இந்தப் பிரச்சினை இல்லை, இழை பல்போடு நன்றாகவே பொருந்தும். டிம் செய்யும் திருகும் பழையபடி வேலை செய்யும். செலவு குறைவாக முடிக்க நினைப்பவர்களுக்கு இது ஒரு நல்ல வழி. பல்பில் நகப்பூச்சு பூசுவது மட்டும் வேண்டவே வேண்டாம். சூட்டில் கருகி உரியும், நாற்றமும் வரும்.

கடையில் என்ன கேட்பது?

அளவு தெரியாமல் கடைக்குப் போனால் இரண்டு முறை அலைய வேண்டும். முதலில் மீட்டரைத் திறந்து, பழைய பல்பு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு போவதே நல்லது. பொதுவாக இரண்டு அளவுகள் வரும். மீட்டருக்கு வெளிச்சம் தரும் பெரியது டி10, கண்ணாடி சுமார் 10 மில்லிமீட்டர் குறுக்களவு. எச்சரிக்கை விளக்குகளிலும் சில சுவிட்சுகளிலும் உள்ள சிறியது டி5. இரண்டும் உலோகத் தொப்பி இல்லாத, செருகும் வகை. கடையில் ‘கேப்லெஸ் மீட்டர் பல்பு’ என்றால் புரிந்துகொள்வார்கள். சென்னையில் ஜி.பி. ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் தாராளமாகக் கிடைக்கும்.

இழை பல்பே வாங்குவதாக இருந்தால் வாட் கணக்கைத் தாண்டாதீர்கள். 3.4 வாட் இருந்த இடத்தில், அதே டி10 அளவில் கிடைக்கும் 5 வாட் பார்க்கிங் பல்பு அழகாகப் பொருந்தும். பொருந்துவதுதான் ஆபத்து. சூடு கூடி ஹோல்டர் இளகும், பின்னால் உள்ள மெல்லிய சர்க்யூட் தாள் சுருங்கும்.

எல்இடி வாங்கும்போது அதன் தலையைப் பாருங்கள். உச்சியில் ஒரே ஒரு சிப் உள்ளது நேராக முன்னால் மட்டும் அடிக்கும். டயலில் ஒரு இடத்தில் வெள்ளைப் புள்ளியும் சுற்றிலும் இருட்டும் வரும். இழை பல்பு எல்லாப் பக்கமும் ஒளி தரும் என்று கணக்கிட்டுத்தான் மீட்டரின் உள்வடிவத்தைச் செய்திருக்கிறார்கள். அதனால் பக்கவாட்டிலும் சிப் உள்ளதாகவோ, உச்சியில் உள்குழிந்த கூம்பு மாதிரி லென்ஸ் உள்ளதாகவோ கேட்டு வாங்குங்கள். கிடைக்கவில்லை என்றால், வழவழப்பான லென்ஸை 400ஆம் நம்பர் உப்புத்தாளில் லேசாகத் தேய்த்துவிடுங்கள். பால் நிறமாகி ஒளி பரவும்.

தனி எல்இடியும் ரெசிஸ்டரும் சென்னை ரிச்சி தெருவில் வாங்கி நீங்களே செய்யவும் முடியும். இன்ஜின் ஓடும்போது காரின் மின்னழுத்தம் 14.4 வோல்ட் வரை போகும் என்பதை வைத்துக் கணக்குப் போடுங்கள். நீல, வெள்ளை எல்இடிக்குச் சுமார் 3.2 வோல்ட் போதும். மிச்சம் 11.2. அதை 20 மில்லி ஆம்பியரால் வகுத்தால் 560 ஓம். கால் வாட் ரெசிஸ்டர் அந்த இடத்தில் விளிம்பில் நிற்கும், அரை வாட்டே போடுங்கள். மீட்டருக்கு அந்த 20 மில்லி ஆம்பியரே அதிகம் என்பது என் கருத்து. 1000 ஓம் போட்டால் 11 மில்லி ஆம்பியர் அளவில் இதமாக எரியும்.

மீட்டரை வெளியே எடுப்பது

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுவதிலிருந்து தொடங்குங்கள். ஸ்டீரியோவுக்கு ரகசிய எண் (கோட்) உண்டென்றால் முன்னதாகவே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டீயரிங் தண்டின் மேல் ஒரு பழைய துண்டை விரியுங்கள், கீறல் விழாது. ஒவ்வொரு படியிலும் செல்போனில் ஒரு படம் எடுங்கள். பூட்டும்போது அதன் அருமை தெரியும்.

மீட்டரைச் சுற்றியுள்ள கவரின் மேல் விளிம்பில், உள்ளே தலை நீட்டிப் பார்த்தால் ஸ்டார் ஸ்குரூக்கள் தெரியும். அவற்றை எடுத்த பிறகும் கவர் வரவில்லை என்றால் எங்கோ இன்னொரு ஸ்குரூவோ கிளிப்போ மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். இழுக்காதீர்கள். 25 வருடம் வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக் சட்டென்று உடையும். இரும்புத் திருப்புளியால் நெம்பாமல், துணி சுற்றிய பழைய ஏடிஎம் அட்டையை இடுக்கில் விட்டு மெல்லத் தளர்த்துங்கள்.

அப்புறம் மீட்டர் செட்டின் ஸ்குரூக்கள். எடுத்ததும் முன்பக்கம் கொஞ்சம்தான் வரும், பின்னால் ஸ்பீடாமீட்டர் கேபிள் பிடித்துக்கொண்டிருக்கும். விரலைப் பின்னால் விட்டால் கேபிள் தலையில் ஒரு பிளாஸ்டிக் நாக்கு தட்டுப்படும். அதை அழுத்திக்கொண்டே பின்னுக்கு இழுத்தால் கழன்றுவிடும். விரல் நுழைய இடமே இல்லையென்றால், இன்ஜின் பக்கம் போய், கேபிள் தகட்டுச் சுவருக்குள் நுழையும் ரப்பர் வளையத்தின் அருகே பிடித்துக் கொஞ்சம் உள்ளே தள்ளுங்கள். தளர்வு கிடைக்கும். மின் இணைப்புகளைக் கழற்றும்போது பிளாஸ்டிக் சாக்கெட்டைப் பிடித்துத்தான் இழுக்க வேண்டும், ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது.

வெளியே வந்த மீட்டரை முகம் கீழாகக் கவிழ்த்துப் போட வேண்டாம். ஒரு தலையணையில் சாய்த்து நிறுத்துங்கள்.

பல்பு மாற்றம்

பின்பக்கம் முழுக்க, செம்புக் கோடுகள் ஓடும் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். மின்சாரம் போகும் பாதை அதுதான். அதைக் கிழித்துவிட்டால் இந்த மீட்டரின் கதை முடிந்தது, அதனால் நகம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஹோல்டரை இடப்பக்கமாகக் கால் சுற்றுத் திருப்பி எடுங்கள். பல்பை நேராக இழுங்கள். இறுகிப்போயிருந்தால் துணியால் பிடித்து முன்னும் பின்னும் அசைத்து எடுக்க வேண்டும், கண்ணாடி உடைந்து விரலில் ஏறலாம்.

ஹோல்டரின் இரண்டு செம்புக் காதுகளும் அவை உட்காரும் செம்புக் கோடும் கறுத்திருக்கும். பென்சில் அழிக்கும் ரப்பரால் தேய்த்தால் ரோஜா நிறச் செம்பு வெளியே வரும். இந்தச் சின்ன வேலையைச் செய்யாமல் புது பல்பு போட்டுவிட்டு, குழியில் வண்டி இறங்கும்போதெல்லாம் மீட்டர் சிமிட்டுகிறது என்று சொல்பவர்கள் நிறையப் பேர்.

எல்இடியின் அடியில் இரண்டு மெல்லிய கம்பிகள் ஆளுக்கொரு பக்கம் மடிந்திருக்கும். அவை ஹோல்டரின் காதுகளைத் தொட வேண்டும். தளர்வாக இருந்தால் நகத்தால் கம்பியைச் சற்று வெளியே தள்ளிச் செருகுங்கள். எல்இடிக்கு பாசிட்டிவ், நெகட்டிவ் திசை உண்டு. எது எந்தப் பக்கம் என்று இப்போது மண்டையை உடைக்க வேண்டாம், சோதனையில் எரியாததைத் திருப்பிப் போட்டால் போதும்.

தொடக் கூடாத பல்புகள்

பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு முதலாவது. பல பழைய கார்களில் ஆல்டர்னேட்டர் மின்சாரம் செய்யத் தொடங்குவதற்கான முதல் மின்னோட்டமே அந்த பல்பு வழியாகத்தான் போகிறது. எல்இடி விடுவது மிகச் சொற்பம். விளைவு, இன்ஜின் ஓடியும் சார்ஜ் ஏறாமல் போகலாம், பாதி வழியில் பேட்டரி உட்காரும். அங்கே அதே வாட் இழை பல்பைத்தான் புதிதாகப் போட வேண்டும்.

ஏர்பேக், ஏபிஎஸ் உள்ள காரில் அவற்றின் விளக்குகளையும் விட்டுவிடுங்கள். ஆயில், பிரேக், இன்ஜின் விளக்குகளின் நிறத்தையும் மாற்றக் கூடாது. சிவப்பு என்றால் நிறுத்து, மஞ்சள் என்றால் கவனி, நீலம் என்றால் ஹை பீம் என்பது உலகம் முழுக்க ஒரே வழக்கம். நாளைக்கு உங்கள் வண்டியை இன்னொருவர் ஓட்டும்போது ஆயில் விளக்கு ஊதா நிறத்தில் எரிந்தால் அவர் அதை அலங்காரம் என்று நினைத்துக்கொண்டு போய்க்கொண்டே இருப்பார்.

இண்டிகேட்டருக்கு இடது, வலது இரண்டுக்கும் சேர்த்து ஒரே விளக்கு உள்ள மீட்டர் என்றால், அங்கே எல்இடி ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் எரியும். இரண்டு திசையிலும் மின்சாரம் மாறி மாறி வருவது காரணம்.

மூடுவதற்கு முன்

மின் இணைப்பை மட்டும் செருகி, மீட்டரைத் தற்காலிகமாக இடத்தில் சாய்த்து வைத்து, பேட்டரியை இணையுங்கள். பார்க்கிங் லைட் போட்டுப் பாருங்கள். எரியாத எல்இடியை விளக்கை அணைத்துவிட்டு, ஹோல்டரோடு எடுத்து அரைச் சுற்றுத் திருப்பிப் போடுங்கள். சாவியை ஆன் நிலையில் வைத்து எல்லா எச்சரிக்கை விளக்குகளும் வருகின்றனவா பாருங்கள். பிறகு இறங்கிப் பின்னால் போய் டெயில் லைட் எரிகிறதா என்று கண்ணால் பாருங்கள். பெரும்பாலான கார்களில் மீட்டர் விளக்குக்கும் டெயில் லைட்டுக்கும் ஒரே ஃபியூஸ். மீட்டருக்குள் ஏதாவது ஷார்ட் ஆகி ஃபியூஸ் போனால் பின்னால் வரும் லாரிக்கு உங்கள் வண்டியே தெரியாது.

ஸ்பீடாமீட்டர் கேபிளின் உள்கம்பி முனை சதுரமாக இருக்கும். அது மீட்டரின் சதுரத் துளையில் உட்கார்ந்து, ‘கிளிக்’ என்று சத்தம் வர வேண்டும். வரவில்லை என்றால் கம்பியை விரலால் லேசாகத் திருப்பி மறுபடி அழுத்துங்கள்.

முழுவதும் மூடும் முன் இருட்டில் ஒரு சுற்றுப் போய் வாருங்கள். முன்கண்ணாடியில் மீட்டரின் பிம்பம் தெரிந்தாலோ, சாலையைவிட மீட்டர் பளிச்சென்று பட்டாலோ பிரகாசம் அதிகம். டிம் செய்யும் திருகு உள்ள காரிலும் அதை நம்பிவிட வேண்டாம். பழைய திருகு, 3.4 வாட் பல்பு இழுக்கும் 0.28 ஆம்பியர் மாதிரியான மின்னோட்டத்துக்காகச் செய்தது. எல்இடி அதில் பத்தில் ஒரு பங்குகூட இழுக்காமல் போகலாம், அதனால் திருகினாலும் ஒளி பெரிதாகக் குறையாது. லென்ஸ் மேல் மெல்லிய வெள்ளை டேப் ஒரு சுற்று ஒட்டுவதோ, குறைந்த திறன் எல்இடிக்கு மாறுவதோதான் வழி.

மற்ற இடங்கள்

மீட்டர் மட்டும் செம்மஞ்சளாகி, ஏசி பலகையும் கடிகாரமும் பச்சையாகவே நின்றால் கண் உறுத்தும். ஏசி பலகையில் பெரும்பாலும் டி5 அளவுதான். கைப்பிடிகளைக் கழற்றினால் உள்ளே போகலாம். எல்லாவற்றுக்கும் ஒரே கடையில், ஒரே நேரத்தில் வாங்குங்கள். ‘செம்மஞ்சள்’ என்று எழுதிய இரண்டு பாக்கெட்டுகள் இரண்டு நிறத்தில் இருப்பது சகஜம். கால் வைக்கும் இடத்தில் சிவப்புப் பட்டை விளக்கு ஒட்ட நினைப்பவர்கள், அது முன்கண்ணாடி வழியாக வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வண்டியின் முன்பக்கம் சிவப்பு ஒளி காட்டக் கூடாது என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 108ஆவது விதி சொல்கிறது.

கோளாறு வந்தால்

எதுவுமே எரியவில்லை என்றால் முதலில் டெயில் லைட் ஃபியூஸ், அடுத்து மீட்டரின் மின் இணைப்பு சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஃபியூஸ் மறுபடி மறுபடி போனால் பெரிய ஃபியூஸ் போடாதீர்கள். ஏதோ ஒரு எல்இடியின் இரண்டு கம்பிகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். விளக்கை அணைத்த பிறகும் எல்இடி மின்மினி அளவுக்கு ஒளிர்ந்தால் எங்கோ சொற்ப மின்சாரம் கசிகிறது. இழை பல்பில் அது தெரிந்திருக்காது, எல்இடி காட்டிக்கொடுக்கிறது. இரவு முழுக்க நிறுத்தி வைத்து பேட்டரி இறங்குகிறதா என்று கவனியுங்கள். இறங்கினால் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். ஓடும்போது வேகமானி முள் துள்ளினால் அது விளக்கின் குற்றமில்லை. கேபிள் எங்கோ மடங்கியபடி பூட்டியிருக்கிறீர்கள். மீட்டரை மறுபடி கொஞ்சம் வெளியே எடுத்து, கேபிளை வளைவில்லாமல் விட்டுப் பூட்டுங்கள்.